சாய்வு எந்தப் பக்கம்

மேலே போகும்போது நின்றுவிடுகிறது. இந்த உடற்பயிற்சி சைக்கிளின் பெடல் பின்னாலிருந்து ஏறி, கடிகாரமாக இருந்தால் பத்து என்று எழுதியிருக்கும் இடம்வரை ஒழுங்காக வருகிறது, பதினொன்றை எட்டிப் பார்க்கிறது, அதற்குமேல் இல்லை. முட்டிக்குள் யாரோ உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். வலிக்கிறதா மேடம் என்று ரிஸ்வானா கேட்டபோது ஆமாம் என்றுதான் சொன்னேன். ஆனால் வலி வேறு. வலியை எனக்குத் தெரியும், இந்த முட்டி உலோகமாக மாறுவதற்கு முன்னால் பல வருடம் அதோடுதான் மாடிப்படி ஏறினேன். இது வலிக்கு முன்னால் வருவது, என்னைக் கேட்காமல் கால் தானாக எடுக்கும் முடிவு. அவசரமே இல்ல மேடம், சுத்தணும்னு நெனைக்காதீங்க, சும்மா ஆட்டிட்டே இருங்க, தொட்டில் மாதிரி, என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஐஸ் பை எடுக்கப் போய்விட்டாள். பிஸியோதெரபிஸ்ட் என்று அவள் சட்டைப் பையின்மேல் நூலால் தைத்திருக்கிறது. தொட்டில் என்றால் இப்படி: பின்பக்கம் பதினொன்று வரை ஏறி, திரும்பி இறங்கி, கீழே ஒரு வளையம் போய், முன்பக்கம் இரண்டு வரை ஏறி, மறுபடியும் திரும்பி. வட்டத்தில் மேலே ஒரு துண்டு மட்டும் பாக்கி. இட்லித் தட்டு அகலம்கூட இருக்காது. அந்தத் துண்டுக்காகத்தான் பெரிய டாக்டர் ரவுண்டு வரும்போது என் பக்கத்தில் வந்து நிற்பார். நேற்றே சொல்லிவிட்டார், ஒரு கதவைச் சரிசெய்யும் ஆள் பேசுவதுபோல, கோபமில்லாமல். இன்றைக்கு ஒரு முழுச்சுற்று போய்விட்டால் சரி. போகவில்லை என்றால் உள்ளே தசைநார் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், தள்ளிப்போட முடியாது, நாளைக் காலையில் மயக்க மருந்து கொடுத்து முட்டியைக் கையால் மடக்கி விட்டுவிடலாம். அஞ்சு நிமிஷ வேலைம்மா, ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, என்றார். ஒன்றுமே தெரியாது என்பதற்குத்தான் நான் பயப்படுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அவர் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்.

போன தடவை, முட்டியை மாற்றியபோது, மயக்கம் தெளிந்த பிறகு இரண்டு நாள் நான் இங்கே இல்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு நினைவில்லை, ஜெபின் போனில் வீடியோவாக இருக்கிறது. ஜெபின் என் அண்ணன் பையன், பெங்களூரிலிருந்து வந்து கூட இருந்தான். வீட்டுக்கு வந்தபின் சிரித்துக்கொண்டே காட்டினான், அத்தை நீ நர்ஸை என்னா வெரட்டு வெரட்டின தெரியுமா என்று. கட்டிலில் சாய்ந்து ஒரு கிழவி. வாய் ஒரு பக்கமாகத் தொங்கியிருக்கிறது. முடியைச் சேர்த்துப் பின்னாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அவள் நர்ஸிடம் ட்ரேசிங் பேப்பர் கேட்கிறாள். அமோனியா வாசம் வருது, சன்னலைத் திறங்க, என்கிறாள். சேஷகிரி சார் வந்தாச்சா என்று கேட்கிறாள். இன்னும் வரலைம்மா என்று நர்ஸ் சொன்னதும், வந்துருவாரு, அவருக்கு பட்டாபிராம் வண்டி லேட்டு, என்று சமாதானமாகத் தலையாட்டுகிறாள். சேஷகிரி சார் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் வேலை பார்த்த அம்பத்தூர் தொழிற்சாலையில், அமோனியா போட்டு வரைபட நகல் எடுத்த டிராயிங் ஆபீசை இடித்துவிட்டு அங்கே கிடங்கு கட்டியிருக்கிறார்கள். ஜெபின் சிரித்ததில் தப்பில்லை, நானும் சிரித்தேன். பிறகு அவன் ஊருக்குப் போனபின் நினைத்துப் பார்த்தால், அந்தக் கிழவியின் முகத்தில் பயம் எதுவும் இல்லை. அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவள் சௌகரியமாக இருந்தாள். வேலை இருந்தது, காகிதம் வர வேண்டியிருந்தது, ஆள் வர வேண்டியிருந்தது. இன்னொரு தடவை என்னை அங்கே அனுப்பினால் நான் திரும்பி வர விரும்புவேனா. விரும்புவதற்குத்தான் அங்கே யார் இருப்பார்கள். பதினொன்று. நின்றுவிட்டது. திரும்பு.

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை இரண்டு முட்டியிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிக்கொண்டவர், ஒரு டிக்கெட்டில் ரெண்டு பேர் என்று எல்லோரிடமும் சொல்கிறார். கண்ணாடி போட்டிருப்பதால் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுகிறார். டீச்சர் இல்லை, சைக்கிள் கம்பெனியில் டிராயிங் வரைந்துகொண்டிருந்தேன் என்று முதல் நாளே சொன்னேன். அப்ப டிராயிங் டீச்சரம்மா, என்றார். நான் பெடலை ஆட்ட ஆட்ட அவர் கண்ணை மூடியபடி, பஸ்ஸில் நிறுத்தம் சொல்வதுபோல, பாடி, பாடி எறங்கு, என்கிறார். அடுத்த முறை ஏறும்போது, அம்பத்தூர் ஓ.டி., என்கிறார். பதினொன்றில் நின்றதும், சிக்னல், என்கிறார். எரிச்சலாக வர வேண்டும், வரவில்லை. ரிஸ்வானா திரும்பி வந்து என் தோளைத் தொட்டு நிமிர்ந்து உட்கார வைக்கிறாள். இந்த மிஷின் இருக்கறதால நீங்க லக்கி மேடம், போன மாசந்தான் வந்துச்சு, என்கிறாள். கீழே மூடிக்குள் பெடலோடு சேர்ந்து சுற்றுகிற செயின் வீல் வட்டமாக இருக்காதாம், நீள்வட்டமாம், கால் மேலே வந்து திணறும் இடத்தில் சுலபமாகத் தாண்டுகிற மாதிரி முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கென்றே புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். மூடியின்மேல் ஒட்டியிருக்கும் தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அப்படியா என்றேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள், அதைக் கெடுக்க எனக்கு என்ன வந்தது. ஜெபினும் இப்படித்தான், மூன்று மாதச் சம்பளத்தில் ஒரு சைக்கிள் வாங்கிப் படம் அனுப்பினான். அத்தை, முன்னாடி ஒரே ஒரு செயின் வீல்தான், அதான் இப்ப புதுசு, டயரும் குண்டா இருக்கும், காத்து கம்மியா அடிச்சாப் போதும், பெயிண்ட்கூட கறுப்பு. எங்கள் ஊர்ப் பால்காரர் பாக்கியநாதனின் சைக்கிள் அப்படியே. கறுப்பு, குண்டு டயர், ஒரே செயின் வீல். நல்லா இருக்குடா என்று எழுதிப் போட்டேன். நல்லாத்தான் இருந்தது. ஒரு பொருள் முதல் தடவை வரும்போது அதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்று சேஷகிரி சார் சொல்வார். இல்லை, அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் நினைத்துக்கொண்டதை அவர் வாயில் வைக்கிறேன். அவர் அதிகம் பேச மாட்டார். பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார்.

முட்டை. அதற்குத் தொழிற்சாலையில் அதுதான் பேர். நீள்வட்டச் செயின் வீல் என்று வரைபடத்தின் அடியில் நான் அழகாக எழுதினேன், ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. சேஷகிரி சார் டிசைன் பிரிவுக்குத் தலைவர், நூலகத்தில் யாரும் தொடாத அலமாரியிலிருந்து பழைய இங்கிலீஷ் சைக்கிள் பத்திரிகைத் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்தார், வெள்ளைக்காரன் மீசை முறுக்கிக்கொண்டு சைக்கிள் ஓட்டிய காலத்தது. அதில் அந்தப் படம் இருந்தது. பாருங்கம்மா, நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தன் யோசிச்சிருக்கான். அதே வருடம் வெளிநாட்டில் யாரோ அதைத் திரும்பச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு தெரிந்தவர் மூலமாக வரைபடம் ஒன்றை வரவழைத்தார். அசல் இல்லை, நகலின் நகல், மூலையெல்லாம் விழாமல் போயிருந்தது. அதைப் பார்த்து நம் சைக்கிளுக்கு ஏற்றபடி நான் வரைந்தேன். அந்த வளைவுக்குக் கவராயம் போதாது, கோணம் கோணமாகப் புள்ளி வைத்து வளைகோலால் சேர்க்க வேண்டும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அந்த மாதம் முழுவதும் மற்ற எதையும் நான் யோசிக்கவில்லை, வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்ததைக்கூட. ஒரு நாள் காலையில் பட்டறையிலிருந்து அதைச் செய்து எடுத்து வந்தார்கள், எண்ணெய் பளபளப்போடு, கையில் வாங்கியபோது குளிர்ச்சியாக இருந்தது, இப்போது முட்டியில் கட்டும் ஐஸ்போல இல்லை, அது வேறு குளிர்ச்சி. ஒரு சைக்கிளில் பூட்டி, தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த்தொட்டிச் சாலையில் எல்லோரையும் ஓட்டவிட்டோம். பெயிண்ட் ஷாப்பிலிருந்து வந்த தணிகாசலம் ஒரு வளையம் சுற்றிவிட்டு இறங்கி, சார், இது சைக்கிள் இல்ல, நொண்டிக் குதிரை, என்றான். அடுத்தவனும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னான். மேலே ஏறிப்போகும்போது லேசாகிறது, தாண்டியதும் கனக்கிறது, லேசாக வேண்டிய இடம் கனக்கிறது. மானேஜர் ஒரு வாரம் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். அதன்பிறகு சேஷகிரி சாருக்கு முட்டை சேஷகிரி என்று பேர் வந்தது. வாழ்நாளில் முட்டையே சாப்பிடாத மனுஷருக்கு. கேண்டீனில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் யாராவது ஒருவன், சாருக்கு ஆம்லெட், என்பான். அவர் சிரிப்பார். ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டுப் பேசியவர்கள்கூட அந்த வேடிக்கையைச் சொன்னார்கள், அப்போதும் சிரித்தார். பஸ் நிறுத்தம்வரை நான் கூட நடந்து போனேன். கணக்கு சரியாத்தாம்மா இருந்துச்சு, என்று மட்டும் சொன்னார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. ஆமாம் சார் என்றிருப்பேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் சார் என்றுதான் சொன்னேன்.

பதினொன்று. சிக்னல் என்கிறார் ஏழுமலை. வெளியே வராந்தாவில் ரவுண்டுக்கான கேஸ் ஷீட் வண்டி உருளும் சத்தம், பெரிய டாக்டர் பக்கத்து வார்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். கீழே பார்க்கக் கூடாது, நேராகப் பாருங்க மேடம், என்று ரிஸ்வானா சொல்லியிருக்கிறாள், ஆனால் நேராக ஒரு சுவர்தான் இருக்கிறது, அதில் சிரிக்கும் குடும்பத்தின் படம். கீழே பார்க்கிறேன். மூடியின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக். உள்ளே அது இருக்கிறது. முட்டை. கறுப்புச் சாயம் பூசி, நன்றாகச் செய்திருக்கிறார்கள், பல் எல்லாம் சுத்தம். இத்தனை வருடம் கழித்து ஒருத்தியை இப்படிப் பார்த்தால் அடையாளம் தெரியும் என்று நினைத்தேன், தெரிந்தது, ஆனால் என்னவோ ஒன்று சரியில்லை, எங்கேயோ தலைவகிடு மாறியிருக்கிறது. பெடலைத் தாங்கும் தண்டு, கிராங்க், உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும்போது முட்டை ஏறக்குறையப் படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கிறது. கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். சாய்ந்திருக்கிறது. முன்முனை மேலே தூக்கியிருக்கிறது. எங்களுடையதில் முன்முனை கீழே குனிந்திருக்கும். எனக்குத் தெரியும், அந்தக் கோடு என் கையால் போட்டது, சிவப்பு மையில் மையக்கோடு, முன்னால் இறங்கி, கும்பிடுபவன் மாதிரி. இது நிமிர்ந்திருக்கிறது. அப்படியென்றால் இவர்கள் தப்பாகச் செய்துவிட்டார்கள். இல்லை. இரு. காலை ஆட்டு, நிறுத்தாதே. தாண்டியதும் லேசாக வேண்டும் என்றால் முன்முனை எப்படி இருக்க வேண்டும். மெதுவாக நினைத்துப் பார். முட்டை முழுக்கப் படுக்கும்போதுதான் பெடல் லேசு, உச்சியைத் தாண்டியபின் படுக்க வேண்டும் என்றால் உச்சியில் முன்முனை நிமிர்ந்துதான் இருக்க வேண்டும். இதுதான் சரி. எங்களுடையது கண்ணாடியில் பார்த்த மாதிரி, இடம் வலமாக மாறிப்போயிருந்தது.

நகலில் விழாமல் போன அந்த மூலை. ஒரு பொருளை வலப்பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தோற்றத்தை நம் ஊரில் படத்தின் இடப்பக்கம் வரைவோம். வேறு சில நாடுகளில் பார்த்த பக்கத்திலேயே வரைவார்கள். எது எந்த வழக்கம் என்பதற்கு மூலையில் ஒரு சின்னக் குறி போடுவார்கள், ஒரு கூம்பு, ஒரு வட்டம். அந்தக் குறி எங்களிடம் இல்லை. சார் பார்த்தார், நான் பார்த்தேன், பட்டறையில் பார்த்தார்கள், எல்லோரும் நம் வழக்கப்படியே பார்த்தோம். சாதாரணச் செயின் வீல் வட்டம், எந்தப் பக்கம் பார்த்தாலும் வட்டம்தான், அதை வரைந்து வரைந்து பழகிய யாருக்கும் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றாது. அவ்வளவுதான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பழுதில்லாத கணக்கை உள்புறம் வெளியே தெரியப் போட்ட சட்டை மாதிரிப் பூட்டிவிட்டு, பத்துப் பேரை ஓட்டவிட்டு, நொண்டிக் குதிரை என்று கேட்டுக்கொண்டோம். சாரிடம் சொல்ல வேண்டும். போனில் அவர் எண் இன்னும் இருக்கிறது, அழிக்கவில்லை, அழிப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே. பஸ் நிறுத்தம்வரை ஒருநாள் கூட நடந்தால் போதும், சார், முட்டை இல்ல, நாமதான் திரும்பி நின்னுட்டோம். அவர் சிரிப்பார். சிரிக்காமலும் இருக்கலாம். ஒருவேளை சீவிய பென்சிலை எடுத்து உடனே ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பார். அழுகை வருகிறது என்று நினைத்தேன், சிரிப்பு. அமோனியா வாசம் வருகிறதா. இல்லை. வலிக்கு அடிக்கும் ஸ்பிரே. சுவரில் குடும்பம் சிரிக்கிறது. நான் இங்கேதான் இருக்கிறேன்.

ரிஸ்வானா கண்ணாடிக் கதவைப் பார்க்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு. இன்னொரு ட்ரை பண்ணலாமா மேடம், முன்னாடி, நான் காலைப் பிடிச்சுக்கறேன். பதினொன்று. தாழ்ப்பாள். உச்சிவரை பாரம், தாண்டினால்தான் லேசு, ஆனால் தாண்டுவதற்கு உச்சிக்குப் போக வேண்டுமே. என் காலுக்கு வேண்டியது உச்சிக்கு முன்னால் கொஞ்சம் இளக்கம். ஏறிப்போகும்போது லேசாகிறது, தாண்டியதும் கனக்கிறது. தணிகாசலம் அதைத்தான் சொன்னான். எங்கள் முட்டை அப்படித்தான் ஓடியது. இந்த முட்டையைப் பின்பக்கமாகச் சுற்றினால் அது எங்கள் முட்டை. இதற்குத் தாள் வேண்டாம், பென்சில் வேண்டாம், கண்ணாடியில் பார்த்தால் இடது வலதாவதுபோல், பின்னால் சுற்றினால் இதன் சாய்வு எங்கள் சாய்வாகிவிடும். இத்தனை நேரம் ஆட்டியதில் முன்பக்கம் இரண்டிலேயே திரும்பிவிட்டேன், அதற்குமேல் முயன்று பார்க்கவே இல்லை. சைக்கிளில் ஏறுகிறவர்கள் முன்னால் போகத்தான் ஏறுகிறார்கள். ஒரு முழுச்சுற்று என்றார் டாக்டர். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

பெடலைக் கீழே விட்டு, முன்பக்கமாக ஏற்றினேன். மூன்று. இரண்டு. ரிஸ்வானா, மேடம் அந்தப் பக்கம் போகுது, என்றாள். ஏழுமலை கண்ணைத் திறந்து பார்த்தார். "டீச்சரம்மா ரிவர்ஸ் எடுக்கறாங்க. தள்ளிக்கோம்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, கட்டிலின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் தட்ட ஆரம்பித்தார், பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது தட்டுவதுபோல, ஒவ்வொன்றாக. "வா. வா. எடம் இருக்குது. வா." ஒன்று. இளகுகிறது. நான் கணக்குப் போட்ட இடத்தில்தான் இளகுகிறது, தண்ணீர்த்தொட்டிச் சாலையில் பத்துப் பேர் திட்டிய அதே இடத்தில். முட்டிக்குள் உலோகம் எங்கோ தொட்டது. தொடட்டும். பன்னிரண்டு. நிற்கவில்லை. நிற்பதற்கு முன்னால் அது போய்விட்டது. அந்தப் பக்கம் சட்டென்று கனத்தது, சத்தியமாக நொண்டிக் குதிரைதான், அந்தக் கனத்தை மிதித்து இறக்கினேன், பதினொன்றை மேலிருந்து பார்த்தேன், பத்து, ஒன்பது, கீழே. "முட்டை ஓடுது சார்," என்றேன்.

சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். ரிஸ்வானாவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், ஜெபின் போனில் நர்ஸ் பார்த்த பார்வை, முகத்தில் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் தேடுவது. என் கேஸ் ஷீட்டில் அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதியிருப்பார்கள், அவள் படித்திருப்பாள். குரலை இறக்கிக் கேட்டாள்.

"மேடம், நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

பெரிய டாக்டர் அவளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒருமுறை தேடிப் பார்த்தேன். அங்கே போக முடியும். சன்னல் பக்கத்து மேசை, வளைகோல், பட்டாபிராம் வண்டி. இப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது, கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் கால் சுற்றிக்கொண்டிருந்தது, அது கனக்கும் இடத்தில் கனத்தது.

"உன் மிஷின் மேலதான் இருக்கேன் ரிஸ்வானா. பின்னால போய்ட்டிருக்கேன்."

டாக்டர் கீழே குனிந்து முட்டியில் கை வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை என்றார். சுற்றினேன். நிறையப் பேருக்கு முதலில் பின்னால்தான் போகும், பின்னால் போய்விட்டால் முன்னால் தானாகப் போய்விடும், என்று ரிஸ்வானாவிடம் சொன்னார். நாளைக்கு எழுதியிருந்த ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை அடித்துவிடச் சொன்னார். அதற்குள் ஏழுமலையின் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். ஏழுமலை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, தகட்டில் இரண்டு தட்டு தட்டினார். "போலாம் ரைட்."

ரிஸ்வானா பெடல் பட்டையை இறுக்கிவிட்டு, சரி மேடம், இப்ப முன்னாடி பார்க்கலாமா, என்றாள். யார் அந்த சார் என்று கேட்க நினைக்கிறாள், முகத்தில் தெரிகிறது. கேட்டால் சொல்லலாம். இந்த மிஷினைப் பற்றியும் சொல்லலாம், போன மாதம் வந்தது என்றாளே. பிறகு.

"எங்க பக்கமா இன்னொரு தடவை சுத்திக்கிறேன்மா," என்றேன்.

எந்தப் பக்கம் எங்கள் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஐஸ் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுத்துங்க, என்றாள்.